இருபதுக்குப் பத்தொன்பது

அத்தியாயம் பதினான்கு

நேசம்மாள் அகப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு எதிர்க்கட்சி வக்கீலாக மாறியிருந்தாள்.

"சொல்லு பிள்ள. அந்த இருபத்திமூணு தெங்கும் யாருக்க அனுபவத்துல இருக்கு?"

"எங்க அம்மைக்க அனுபவத்துல."

"எப்ப முதல்?"

"அம்மைக்க கல்யாணம் முதல். தொள்ளாயிரத்து முப்பத்தொண்ணு."

"இடையில எப்பமாவது விட்டதுண்டா?"

ராஜபாய் தோசையைப் பிட்டுக்கொண்டே இருந்தாள். பிட்டது வாய்க்குப் போகவில்லை.

"யோசிக்கப்பிடாது மக்கா. வக்கீல் படிச்சுப் படிச்சுச் சொன்னாரு. யோசிச்சா போச்சு. இல்லைன்னு அடிச்சுச் சொல்லணும்."

"இல்ல."

"கொள்ளாம். ஆனா சத்தம் பத்தாது. ஜட்ஜிக்குக் காது மந்தமாம்."

நேசம்மாளுக்கும் அவள் அண்ணன் மாசிலாமணிக்கும் நடக்கும் வழக்கைப் பதின்மூன்று வாரமாகத் தொடர்ந்து வருகிறவர்களுக்கு இந்தக் காலை நேரக் கூத்து விளங்கும். புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்; மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கல்யாணத்தன்று நேசம்மாளின் அப்பா மாப்பிள்ளையையும் சொந்தக்காரர்களையும் கூட்டிக்கொண்டு இராஜாக்கமங்கலத்துத் தோப்பைச் சுற்றி நடந்தார். இருபத்து மூன்று தென்னைகளைக் கையால் தொட்டுக் காட்டி, "இதுவும் இதுக்கு அடியில உள்ள மண்ணும் எனக்க மகளுக்கு" என்றார். அவ்வளவுதான். பத்திரம் கிடையாது. பெற்ற மகளுக்குக் கொடுப்பதைக் ரிஜிஸ்தர் கச்சேரியில் போய்ப் பதிந்து வைத்தால் நாலு பேர் சிரிப்பார்கள் என்பது அந்தக் காலத்துத் தகப்பன்மாருக்கு இருந்த ரோசம். அந்த ரோசம்தான் இந்த ஐம்பத்து மூன்றாம் வருஷத்தில் மகளை முன்சீப் கோர்ட்டுப் படியேற வைத்திருக்கிறது. வரி ரசீது என் பேரில்தானே இருக்கிறது என்று மாசிலாமணி போன வருஷம் ஆரம்பித்தார். நேசம்மாளும் மகளும் குடியிருக்கும் வீடும் அந்த மண்ணில்தான் நிற்கிறது. வழக்கில் தோற்றால் எங்கே போவது என்று கேட்டால் இரண்டு பேருக்கும் பதில் தெரியாது.

வக்கீல் ஒரு வழி கண்டுபிடித்தார். பத்திரம் இல்லாவிட்டாலும், பன்னிரண்டு வருஷம் இடைவிடாமல் தன் சொத்தாக ஆண்டு அனுபவித்தவருக்கு உரிமை உண்டு. வருகிற திங்கட்கிழமை சாட்சி விசாரணை. நேசம்மாளின் முதல் சாட்சி பி.ஏ. படித்த அவள் மகள். அதற்கடுத்த சனிக்கிழமை அந்த மகளுக்குத் திருவனந்தபுரத்தில் சட்டக் கல்லூரிச் சேர்க்கைப் பரீட்சை.

இதில் ஒரே ஒரு தொல்லை. இடையில் விட்டதுண்டு.

நாற்பத்திரண்டில் ராஜபாயின் அப்பா நெஞ்சு நோயில் விழுந்தார். இரண்டு வருஷம் கிடந்துதான் செத்தார். நேசம்மாள் கட்டிலை விட்டு நகரவில்லை. அந்த இரண்டு வருஷமும் தேங்காய் வெட்டியதும் எடுத்ததும் மாசிலாமணிதான். ராஜபாய்க்கு அப்போது பத்து வயது. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, தேங்காய் நிறைந்த ஓலைக் கடவங்கள் மாமா வீட்டு முற்றத்துக்குப் போவதைப் பார்த்தவள் அவள். அதற்கு முன்னால் பதினொரு வருஷம், பின்னால் தகராறு தொடங்கும்வரை எட்டு வருஷம். எந்தப் பக்கம் பார்த்தாலும் பன்னிரண்டு வரவில்லை.

"அம்மா, அந்த ரெண்டு வருசம்..." என்று அவள் மெல்ல ஆரம்பித்தாள்.

"அது விட்டதா? உங்கப்பா கிடையில கிடக்கும்போ நான் தெங்குமூட்டுல போயி நிக்கணுமா? ஒண்ணும் பறையாதே. பஸ்சு வந்திரும், போ. இன்னைக்குக் கடைசி மாதிரிப் பரீட்சை இல்லியா? ஜெபம் பண்ணிட்டு எழுது."

சட்டம் படிக்கப் போகிறவள் முதன்முதலாகக் கோர்ட்டுக் கூண்டில் ஏறிச் சொல்லப்போவது பொய். மூன்று நாளாக ராஜபாய்க்கு இதே நினைப்பு. ஆனால் அதைவிடப் பெரிய கலக்கம் ஒன்று அவளுக்குள் இருந்தது. அதை அம்மாவிடம் சொல்ல அவளுக்குத் தைரியம் இல்லை.

வடசேரியில் சுயம்புலிங்கம் சார் வீட்டுக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பதரை.

சுயம்புலிங்கம் சார் முப்பது வருஷம் கோர்ட்டில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்தவர். பென்ஷன் வாங்கிய பிறகு, சட்டக் கல்லூரிக்கு ஆசைப்படும் ஆறு பேரைச் சேர்த்துக்கொண்டு சனிக்கிழமைதோறும் மாதிரிப் பரீட்சை நடத்துகிறார். பாடம் நடத்துகிற வழக்கம் அவரிடம் இல்லை. பரீட்சைக்குப் படிப்பது என்றால் பரீட்சை எழுதுவதுதான் என்பது அவர் கட்சி. பத்து மணிக்குத் தாளைக் கொடுப்பார். ஒரு மணிக்கு, வாக்கியம் பாதியில் நின்றாலும் பிடுங்கிவிடுவார். தாகத்துக்குத் தண்ணீர் கேட்டால், "திருவந்தரத்துல எவன் தருவான்?" என்பார்.

தாளில் ஒரு கேள்விக்கு மட்டும் இருபது மார்க். சட்டம் தெரிந்திருக்க வேண்டாம். ஒரு விதியை மேலே எழுதிப் போட்டிருப்பார். அதை ஓர் உதாரணத்தில் பொருத்தி, யாருக்கு உரிமை, ஏன் என்று முடிவு சொல்ல வேண்டும். உதாரணத்தைப் புத்தகத்திலிருந்து எடுத்தால் சாருக்குப் பிடிக்காது. "உங்க ஊருல வழக்கே இல்லியா? கண்ணால கண்டதை எழுது, அப்பதான் புத்தி ஓடும்" என்பார். எல்லாரையும் விட நன்றாக எழுதியவர் தாளைச் சுவரில் ஆணியில் மாட்டிவிடுவார். மற்றவர்கள் அதைப் பார்த்து நோட்டில் பெயர்த்து எழுதிக்கொள்ள வேண்டும். அதுதான் அவருடைய பள்ளிக்கூடம்.

முதல் வாரம் ராஜபாய்க்கு ஒன்பது. இரண்டாவது வாரம் பன்னிரண்டு. இரண்டும் புத்தக உதாரணம். மூன்றாவது வாரம் சார் போட்ட விதி, பன்னிரண்டு வருஷ இடைவிடாத அனுபவம்.

அவளுக்கு அந்த நிமிஷத்தில் தோன்றியது தன் வீட்டுத் தோப்பு. ஏ என்பவர் தன் மகள் பி-க்குக் கல்யாணத்தன்று இருபத்து மூன்று தென்னைகளை வாய்வார்த்தையாகக் கொடுத்தார். பி-யின் சகோதரன் சி. பி-யின் கணவன் நெஞ்சு நோயில் கிடந்த இரண்டு வருஷம் சி தேங்காய் வெட்டி எடுத்துக்கொண்டான். பேனா தானாக ஓடியது. முன்னால் பதினொன்று, பின்னால் எட்டு, ஆகவே அனுபவம் அறுந்துபோனது, ஆகவே பி-க்கு உரிமை இல்லை. சொல்லப்போனால் எழுதும்போது அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. ஒரு முடிச்சை முதல்முறையாகத் தன் கையாலேயே அவிழ்த்த சந்தோஷம்.

இருபதுக்குப் பத்தொன்பது!

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து மார்க்கை மட்டும் சொன்னாள். மறுநாள் ஆராதனைக்குப் போன நேசம்மாள், அந்த மார்க்குக்கு நன்றியாகக் கோயிலில் ஸ்தோத்திரக் காணிக்கை போட்டாள்.

அம்மாவின் வழக்கு எதன்மேல் நிற்கிறது என்பது அப்போது ராஜபாய்க்குத் தெரியாது. வழக்கு மனுவை அவள் வாசித்ததில்லை. போன புதன்கிழமை வக்கீல் ஆபீசில் சாட்சிப் பாடம் சொல்லிக் கொடுத்தபோதுதான் 'இடைவிடாத அனுபவம்' என்ற வார்த்தை காதில் விழுந்தது. ஆணியில் தொங்கும் தன் தாள் அப்போதே ஞாபகத்துக்கு வந்தது. அன்று முதல் தூக்கம் இல்லை.

அதனால்தான் இன்றைக்கு அரை மணி நேரம் முன்னதாகவே வந்திருக்கிறாள். எப்படியாவது அதை எடுத்துவிட வேண்டும்.

ஆணியில் மற்ற வாரத்துத் தாள்கள் தொங்கின; அவளுடையது இல்லை.

"சார், எனக்க மூணாவது பேப்பர்..."

"அதா? அது கொண்டுபோயாச்சு பிள்ள" என்றார் சார், வாயெல்லாம் சிரிப்பாக. "எனக்கிட்ட முன்ன எழுதிப் படிச்ச ஒருத்தன், இப்ப பெரிய வக்கீலுக்க கிட்ட ஜூனியரா இருக்கான். வியாழக்கிழமை வந்தான். வாசிச்சுட்டு, சார் இது அருமையா இருக்கே, கொண்டுபோயி எங்க சீனியருக்குக் காட்டட்டான்னு கேட்டான். உனக்குப் பெருமைதானே?"

எந்த வக்கீல் என்று கேட்டாள். சார் பெயரைச் சொன்னார். மாசிலாமணி மாமாவின் வக்கீல்.

சார் மேல் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. அவருக்கு ஏ, பி, சி-யைத்தான் தெரியும். நேசம்மாளைத் தெரியாது.

ஆறாவது மாதிரிப் பரீட்சையை ராஜபாய் எப்படி எழுதினாள் என்று கேட்காதீர்கள். சுருக்கி எழுதச் சொன்ன பத்தியை இரண்டு தரம் வாசித்தும் ஒரு வரி மனசில் ஏறவில்லை. இருபது மார்க் கேள்விக்குக் கடன் வாங்கிய மாட்டைப் பற்றி ஒரு புத்தக உதாரணம். அதுவும் பாதியில் நின்றது. அடுத்த பெஞ்சில் ஜெயசிங் எழுதவே இல்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஜெயசிங் யார் என்று சொல்லவில்லையே. மாசிலாமணியின் மகன். ராஜபாய்க்கு மாமன் மகன், அத்தான் முறை. பெரியவர்கள் கோர்ட்டுக்குப் போன பிறகும் இவர்கள் இரண்டு பேரும் ஒரே பஸ்சில் வந்து ஒரே அறையில் பரீட்சை எழுதுகிறார்கள். பேச்சு மட்டும் நின்றுபோயிருந்தது.

ஒரு மணிக்குத் தாளைக் கொடுத்துவிட்டு அவள் வெளியே வந்தபோது அவன் வேப்பமரத்தடியில் நின்றான்.

"ராஜம், ஒரு நிமிசம் நில்லு."

"எல்லாம் தெரியும் அத்தான்."

"எல்லாம் தெரியாது. ஆணியில மாட்டின அன்னைக்கே நானும் பேத்து எழுதினேன். முதல் வரியிலயே மனசிலாச்சு. நோட்டுல இருந்து அந்த ஏட்டக் கிழிச்சு அடுப்புல போட்டேன். கர்த்தர் சத்தியமா நான் யாருகிட்டயும் வாய் திறக்கல்ல."

"பின்ன எப்பிடித் தெரிஞ்சுது?"

"வழக்கு மனுவிலயும் இருபத்திமூணு தெங்கு, உனக்க பேப்பர்லயும் இருபத்திமூணு தெங்கு. மேல உனக்க பேரு. அந்த ஜூனியருக்குக் கண்ணு பொட்டையா? நேத்து வக்கீல் எங்க வீட்டுக்கே வந்துட்டாரு. உன்னை எங்க பக்கத்துச் சாட்சியா விளிக்கப் போறாங்க."

"எங்க அம்மைக்கு எதிராட்டா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "அந்தப் பேப்பர உனக்க கையில தந்து, இது நீ எழுதினதுதானா, இதுல உள்ளது நடந்ததுதானான்னு ரெண்டே கேள்வி. இல்லன்னு சொன்னா கள்ளச்சாட்சி. உன்னை எந்தச் சட்டக் கல்லூரியிலயும் ஏத்தப்பிடாதுன்னு பாத்துக்கிடுவேன்னு வக்கீல் சொல்லுகாரு."

"மாமா என்ன சொன்னாரு?"

"அதுதான் எனக்கும் பிடிகிடைக்கல்ல. சந்தோசப்படுவாருன்னு பாத்தேன். பேப்பர வாசிக்கச் சொல்லிக் கேட்டாரு. அந்த ரெண்டு வருசம்னு வந்ததும் எழும்பிப் போயிட்டாரு. நேத்து முதல் அன்னம் தண்ணி இல்ல."

பஸ் வந்தது. இரண்டு பேரும் ஏறினார்கள். தனித்தனியாக உட்கார்ந்தார்கள்.

நேசம்மாள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். மகளின் முகத்தைப் பார்த்ததும் சட்டியைத் தள்ளி வைத்தாள்.

"என்ன பிள்ள, சரியா எழுதல்லியா?"

இனியும் மறைத்து என்ன பிரயோசனம்? ராஜபாய் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். மூன்றாவது வாரத்துக் கேள்வி, ஆணி, ஜூனியர், ஜெயசிங் சொன்ன செய்தி, ஒன்று விடாமல். அழுதுகொண்டே சொன்னாள்.

நேசம்மாள் திட்டவில்லை. கன்னத்தில் ரெண்டு கொடுத்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

"அந்தப் பேப்பர்ல ஏ-ன்னு எழுதினது யாரு?"

"தாத்தா."

"சி?"

"மாசிலாமணி மாமா."

"பி நானா?"

"ஆமாம்மா."

"கடைசியில பி-க்குத் தெங்கு உண்டுன்னு எழுதினியா, இல்லன்னு எழுதினியா?"

ராஜபாய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"சொல்லு. இருபதுக்குப் பத்தொம்பது போட்டாருல்லா. அப்ப அது சரியான பதிலுதானே?"

"அது பரீட்சைக்கு எழுதினதும்மா."

"அதத்தான் கேக்குகேன். சரியா, தப்பா?"

"சரிதான்."

நேசம்மாள் கையைப் பார்த்தாள். விரலில் மீன் செதிள் ஒட்டியிருந்தது. ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள்.

"அந்தப் பதிலுக்கா நான் ஸ்தோத்திரக் காணிக்கை போட்டேன்?"

ராஜபாய் அம்மாவின் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். நேசம்மாள் தள்ளிவிடவும் இல்லை, தொடவும் இல்லை.

"ரெண்டு வருசம் உங்கப்பாக்க துப்பல் கோளாம்பியும் மூத்திரத் துணியும் கழுவினேன். பகல் எது, ராத்திரி எதுன்னு எனக்குத் தெரியாது. அப்பம் எனக்க மகளு வேலிப் பக்கத்துல நின்னு, யாருக்க தேங்கா யாருக்க வீட்டுக்குப் போவுதுன்னு பாத்துட்டு நின்னிருக்கா. பாத்ததக் கணக்கா எழுதியும் வச்சிருக்கா. மாசிலாமணி என்னைக் கோர்ட்டுல தோக்கடிச்சா எனக்கு வலிக்காது. அவன் எதிரி. நீ மூணு வாரத்துக்கு முன்னயே என்னைத் தோக்கடிச்சு மார்க்கும் வாங்கியாச்சு."

"நான் வேணும்னு செய்யல்லம்மா!"

"வேணும்னு செய்திருந்தா பொறுத்திருப்பேன்."

நேசம்மாள் எழுந்து மீன் சட்டியை அடுப்பில் ஏற்றினாள். பிறகு ஏதோ முடிவு செய்தவளாக உள்ளே போய், ராஜபாயின் டிரங்குப் பெட்டியை இழுத்துப் போட்டுத் துணிகளை எடுத்து வைக்க ஆரம்பித்தாள்.

"என்னம்மா இது?"

"நாளைக்குக் காலத்த வண்டிக்கு நீ திருவந்தரம் போ. சித்தி வீட்டுல இருந்து படி. திங்கக்கிழமை நீ எனக்கும் சாட்சி சொல்லண்டாம், அவனுக்கும் சாட்சி சொல்லண்டாம். வீடு போனா போவட்டு. உனக்க படிப்பும் சேத்துப் போவாண்டாம்."

வருத்தப்பட்ட வாய் மூடுவதற்குள் கை பெட்டி கட்டுகிறது. அம்மாவை என்ன செய்வது?

அப்போதுதான் வெளியே சைக்கிள் மணி கேட்டது.

காக்கிச் சட்டை, தோளில் பட்டை. கோர்ட்டு சேவகர். நாலு மணி வெயிலில் நாகர்கோவிலிலிருந்து மிதித்து வந்த களைப்பு அவர் முகத்தில் இருந்தது.

"ராஜபாய்ங்கிறது யாரு? சாட்சி சம்மன் உண்டு."

நேசம்மாள் மகளைக் கையால் பிடித்துக் கதவுக்குப் பின்னால் தள்ளினாள். தலை முந்தானையைச் சரிசெய்துகொண்டு வாசலுக்குப் போனாள்.

"அவ இங்க இல்ல. திருவந்தரம் போயாச்சு."

"எப்ப?"

"நேத்து."

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலில் முதல் பெஞ்சில் உட்காருகிறவள். கடையில் அரைப்படி அரிசி கூடுதலாக விழுந்துவிட்டால் திரும்பப் போய்க் கொடுத்துவிட்டு வருகிறவள். அவள் வாயிலிருந்து பொய் வந்து ராஜபாய் கேட்டதில்லை. தென்னைக்காகச் சொல்வதை அவள் பொய்யாகவே எண்ணவில்லை. இது பொய் என்று தெரிந்து, மகளுக்காகச் சொல்கிறாள்.

சேவகர் சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்தார். "அப்ப ஆளு ஊருல இல்லன்னு பின்னால எழுதுகேன். நீங்க அம்மைதானே? அதுக்குக் கீழ ஒரு ஒப்பு போடணும். இது கோர்ட்டுக் கடிதாசி அம்மா, பாத்துப் போடுங்க. மாறிச் சொன்னா பிறகு என்னைக் குத்தம் சொல்லப்பிடாது."

"கொண்டா" என்றாள் நேசம்மாள்.

கதவிடுக்கு வழியாக ராஜபாய் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் சொன்ன பொய் வாசலோடு போகும். கோர்ட்டுக் கடிதாசியில் ஒப்புப் போட்ட பொய் அப்படிப் போகாது. மகள் இதே ஊரில் பஸ் ஏறி இறங்கியதை இன்றைக்கு எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள்! நாளைக்கு அந்த வக்கீல் அதையும் பிடித்துக்கொண்டு அம்மாவையே கூண்டில் நிறுத்துவார்.

நேசம்மாள் கடிதாசியைச் சுவரில் வைத்து அழுத்தினாள். பென்சில் 'நே' போட்டுவிட்டது.

"நில்லுங்க" என்று ராஜபாய் வெளியே வந்தாள். "நான்தான் ராஜபாய்."

சேவகர் மகளைப் பார்த்தார். தாயைப் பார்த்தார். எத்தனையோ வீட்டு வாசல்களைப் பார்த்த மனுஷர், ஒன்றும் கேட்கவில்லை. நேசம்மாளின் கையிலிருந்த கடிதாசியை மெதுவாக வாங்கி, அந்த ஓர் எழுத்தைப் பென்சிலின் பின்பக்க ரப்பரால் அழித்துவிட்டு ராஜபாயிடம் நீட்டினார்.

"இந்த இடத்துல போடு பிள்ள. திங்கக்கிழமை பத்தரைக்கு. எதிர்க்கட்சி சாட்சி."

அவள் ஒப்புப் போட்டாள். சேவகர் சைக்கிளை உருட்டிக்கொண்டு போய்விட்டார்.

"அம்மா, நீங்க ஒப்பு போட்டிருந்தா உங்களைத்தான் பிடிப்பாங்க, அதனாலதான்..." என்று சொல்லிக்கொண்டே அவள் திரும்பினாள்.

வாசலில் நேசம்மாள் இல்லை. அறையில் பெட்டி திறந்து கிடந்தது. அடுப்பில் மீன் தீய்ந்துகொண்டிருந்தது. பின்வாசல் திறந்திருந்தது.

ராஜபாய் ஓடிப்போய்ப் பார்த்தாள். தென்னைகளுக்கு நடுவே நேசம்மாள் போய்க்கொண்டிருந்தாள். காலில் செருப்பில்லை. நடை ஓட்டமாக இருந்தது. ஒன்றரை வருஷமாக மிதிக்காத மாசிலாமணியின் முற்றத்துக்கு நேராகப் போனாள்.

"அம்மா! வேண்டாம்மா!"

நேசம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை. அண்ணன் வீட்டு வேலிக்கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

(தொடரும்)